காலியிடத்தில் ஓர் ஊர்

"அம்மா, நம்ம நாட்டோட வெளியுறவுக் கொள்கைக்குப் பின்னாடி ஏதோ ரகசியத் திட்டம் இருக்கு. அது என்னன்னு தெரியாம எனக்குச் சோறு இறங்கலை."

சொன்னவர் தாண்டவராயர். வெளியுறவுத் துறையில் முப்பத்தொரு வருஷமாக அறிக்கை எழுதுகிறவர். வயது ஐம்பத்தெட்டு. அவருடைய குரு மெய்யம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. மடத்துக் கூடத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"உட்காருங்க. அங்கேயே வேலை பார்க்கிறீங்க, உங்களுக்கே தெரியாதா?"

"பூட்டின அறையில பேசுறாங்கம்மா. எனக்கு வர்றது படிவம் மட்டும்தான்."

உட்காரச் சொன்னால் உட்கார வேண்டியதுதானே? மனிதர் கூடத்தைக் குறுக்கும் நெடுக்கும் அளந்துகொண்டிருந்தார்.

"எல்லை தாண்டிப் போய்ப் பயங்கரவாதத்தை ஒழிக்கிறோம்னு சொல்றோம். பதினாலு வருஷமாச்சு. ஒழிக்க ஒழிக்கப் புதுசா ஒரு ஊர் வருது. இன்னைக்குச் சாயங்காலம் கூவல்பட்டி. நாப்பது வீடு, ஒரு பள்ளிக்கூடம். நான் ஊர்ப் பெயரை எழுதிக் கொடுத்தாத்தான் விமானம் கிளம்பும்."

"குண்டு போடறதுக்கு முன்னாடியேவா அறிக்கை?"

"அதுதாம்மா எங்க வழக்கம். அப்புறம் எழுதினா பதற்றத்துல பிழை வந்துடும்."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

மெய்யம்மை கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினார். தாண்டவராயர் பையிலிருந்து படிவத்தை எடுத்துக் கொடுத்தார். அமைச்சர் வெளிநாடு போகும் முன் கையெழுத்தும் முத்திரையும் போட்டு வைத்த ஒரே தாள். இன்னொன்று வேண்டுமென்றால் அவர் திரும்பி வர வேண்டும்.

"இதுல எதெல்லாம் காலியா இருக்கு?"

"ஊர்ப் பெயர். எத்தனை பேருங்கிறது."

"எது அச்சடிச்சிருக்கு?"

"'பதுங்கியிருந்த பயங்கரவாதிகள் கொல்லப்பட்டனர்.' அது எப்பவும் மாறாதும்மா. அதான் அச்சடிச்சே வச்சிட்டோம்."

மெய்யம்மை அவர் சட்டைப்பையிலிருந்த பேனாவைக் கேட்டு வாங்கினார். ஊர் என்ற இடத்தில் மடத்தின் பெயரை எழுதினார். எண்ணிக்கையில் 'இரண்டு' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

கூடத்தில் இருந்தது அவர்கள் இருவர்தான். தாண்டவராயர் வாசித்தார்.

"ஐயோ, இது அநியாயம்! நாம அப்படிப்பட்டவங்க இல்லையே!"

"யாரு சொன்னா?"

"நான் சொல்றேனே!"

"அதை எழுத இதுல எங்கேயாவது இடம் இருக்கா, பாருங்க."

பார்த்தார். தாளின் பின்பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். பதினாலு வருஷத்தில் இப்படி எத்தனை தாள் நிரப்பினோம் என்று யோசித்தார். கணக்கு நினைவுக்கு வரவில்லை, அழுகைதான் வந்தது. இப்போதுதான் உட்கார்ந்தார், வெறுந்தரையில்.

அலைபேசி அடித்தது. அலுவலகத்திலிருந்து.

"சார், மணி நாலாச்சு. விமானம் காத்துக்கிட்டிருக்கு. எழுதியாச்சா?"

"எழுதியாச்சு."

"எத்தனை பேர் சார்?"

"ரெண்டு."

"ரெண்டே ரெண்டா? யார் சார் அது?"

"ஒருத்தன் நான்தான்" என்றார் தாண்டவராயர்.