உதடு ஒட்டாத இடம்

“மேடம், அந்தப் பிள்ளை டப்பிங்குக்கு வரமாட்டேங்கா” என்றார் நல்லபெருமாள். “போன் போட்டாலும் எடுக்க மாட்டேங்கா. என் படம் அவ்வளவுதான் போலிருக்கு.”

திருநெல்வேலியிலிருந்து ராத்திரி பூரா ரயிலில் உட்கார்ந்தே வந்தவர். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வெயிலில் வேர்த்ததா, பயத்தில் வேர்த்ததா என்று அவருக்கே தெரியவில்லை.

ஜெனோவா பார்த்துக்கொண்டிருந்த வேலையை நிறுத்தினார். ஒரு நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார்.

சாலிகிராமத்தில் ஒரு மாவுக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அவருடைய ஸ்டுடியோ. ஸ்டுடியோ என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு எடிட்டிங் மேசை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒரு ஆள் நின்று குரல் கொடுக்கிற அளவுக்கு ஒரு அறை.

கையடக்கமான டிஜிட்டல் கேமராவை வைத்துக்கொண்டு மூன்று முழுநீளப் படங்கள் எடுத்தவர் ஜெனோவா. மூன்றும் தியேட்டர் வாசலை மிதிக்கவில்லை. ஆனால் பார்த்தவர்கள் மறக்கவில்லை.

அப்படி மறக்க முடியாமல் போனவர்தான் நல்லபெருமாள். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற மனுஷன், பேரப்பிள்ளைகளைக் கொஞ்சிக்கொண்டு வீட்டில் கிடக்காமல், எனக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள் என்று ஒருநாள் இங்கே வந்து நின்றார். குரு, சீடரின் மகளைவிடச் சின்னவர். சீடர் குருவை மேடம் என்பார். குரு சீடரை சார் என்பார். அதில் இரண்டு பேருக்குமே சங்கடம் இருந்ததில்லை.

“முதல்ல தண்ணி குடிங்க” என்றார் ஜெனோவா.

குடித்தார்.

வராதவள் பெயர் ஆவுடைச்செல்வி. ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிற பெண். அதற்கு முன் கேமரா பக்கமே போனதில்லை. கடையில் அவள் முகத்தைப் பார்த்ததுமே இவள்தான் என் கதாநாயகி என்று நல்லபெருமாள் முடிவு செய்துவிட்டார்.

படத்தில் அவள் பேசாமடந்தையாகவே வருவாள். புகுந்த வீட்டுக்காரர்கள் என்ன சொன்னாலும் வாயைத் திறக்க மாட்டாள். கடைசியில் மாமனார் அவளைப் பழைய அரிசி ஆலை ஒன்றில் போட்டு அடைக்கிறார். அங்கேதான் முதன்முதலாகப் பேசுகிறாள். ‘மாமா, கதவைத் திறங்க மாமா’ என்று கெஞ்சுகிறாள். படமே அந்த ஒரு காட்சியில்தான் நிற்கிறது.

மற்றதெல்லாம் முடிந்துவிட்டது. ஒரு திரைப்பட விழாவில் கேட்டிருக்கிறார்கள். அனுப்ப வேண்டிய நாளும் நெருங்கிவிட்டது. அந்தக் காட்சிக்கு மட்டும் குரல் இல்லை.

“அன்னிக்கு சவுண்டு எடுக்கலையா சார்?”

மைக் போடவில்லை என்றார் நல்லபெருமாள். பக்கத்திலேயே ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. எப்படியும் டப்பிங்தானே என்று விட்டுவிட்டார்கள்.

அதில் தப்பு சொல்லவும் முடியாது. முகத்தை ஒருநாள் எடுத்துவிட்டு, குரலை இன்னொரு நாள் சேர்ப்பது நம் ஊரில் எல்லோரும் செய்வதுதான்.

“போடுங்க, பார்ப்போம்” என்றார் ஜெனோவா.

போட்டார்.

கன்னங்கரிய இருட்டு. அந்தக் கேமராவுக்கு இருட்டிலும் கண் தெரியும் என்பதால் சுவரும் மூட்டைகளும் சாம்பல் நிறத்தில் தெரிந்தன. ஆவுடைச்செல்வி கதவைத் தட்டுகிறாள். இரண்டு கையாலும் அடிக்கிறாள். சத்தம் எதுவும் இல்லை. வாய் மட்டும் அசைகிறது.

நல்லபெருமாளுக்கு வழக்கம்போலப் பயம் வந்தது. இந்த ஷாட்டை எத்தனை முறை பார்த்தாலும் இப்படித்தான் ஆகிறது அவருக்கு. வீட்டில் இதைப் பார்த்த ராத்திரிகளில் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்க முடிந்ததில்லை. தான் எடுத்த ஷாட்டைப் பார்த்துத் தானே பயப்படுகிறோமே, அவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்று அதற்கு ஒரு சமாதானமும் வைத்திருந்தார்.

“உள்ளே யாரெல்லாம் இருந்தாங்க?”

“யாருமில்லை. கேமராவை மட்டும் ஸ்டாண்டுல வச்சிட்டு வந்துட்டோம். நாங்க வெளியில புங்கமரத்தடியில மானிட்டர்ல பார்த்துக்கிட்டிருந்தோம்.” அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை எட்டிப் பார்த்தது. “தாழ்ப்பாளையும் நெசமாவே போடச் சொல்லிட்டேன் மேடம். அப்பத்தான் முகத்துல உண்மை வரும்னு.”

வந்தது. அன்றைக்கு நடுவில் கேமராமேன் அவர் காதருகே குனிந்து, போதுமே சார் என்றான். நல்லபெருமாள் கையை உயர்த்தி அவனை அடக்கினார். ஓடட்டும் என்றார். பிலிம் காலமாக இருந்தால் சுருள் தீர்ந்து அதுவே நின்றிருக்கும். இந்த மெமரி கார்டு லேசில் தீராது. யாராவது வாயைத் திறந்து கட் சொன்னால்தான் உண்டு. இப்படி ஒரு நடிப்பு எதிரே நடக்கும்போது கட் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

கதவைத் திறந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். ஆவுடைச்செல்வி யார் முகத்தையும் பார்க்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்துவிட்டாள். பாவம், களைத்துப் போயிருப்பாள் என்று நல்லபெருமாள் நினைத்தார்.

ஷாட் முடிந்தது. ஜெனோவா அதை இன்னொரு தடவை போடச் சொன்னார். பார்த்தார்.

“நல்லா வந்திருக்கில்லா மேடம்?”

“வேற குரல் வச்சுக்கலாம் சார்” என்றார் ஜெனோவா.

நல்லபெருமாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் காலையில், சீரியல்களில் அழுதே பெயர் வாங்கிய ஒரு டப்பிங் பெண் வந்தாள். வசனத்தை ஒரு தரம் படித்துவிட்டு, இதெல்லாம் அஞ்சு நிமிஷ வேலை சார் என்று சிரித்தபடி அறைக்குள் போனாள்.

அஞ்சு நிமிஷத்தில் முடியவில்லை. காபி வந்து ஆறிப்போன பிறகும் முடியவில்லை. திரும்பத் திரும்ப ‘மாமா’ என்றாள். சீக்கிரமாகச் சொன்னாள், இழுத்துச் சொன்னாள், அழுதுகொண்டு சொன்னாள். திரையில் இருந்த வாயும் இவள் குரலும் ஒன்று சேரவே இல்லை.

வெளியே வந்தபோது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

“மாமான்னு சொன்னா உதடு ரெண்டு தடவை ஒட்டணும் சார். இவங்களுக்கு அந்த இடத்துல ஒட்டவே இல்லை” என்றாள். பிறகு கைப்பையைத் தோளில் மாட்டினாள். “எனக்கு இது வேணாம் சார். அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க என்னமோ பண்ணுது.”

படிக்கட்டில் அவள் செருப்புச் சத்தம் வேகமாக இறங்கிப் போனது.

நல்லபெருமாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பயத்தில் கோபம் வந்தது. எழுதிக் கொடுத்த நாலு வார்த்தையை ஒழுங்காகச் சொல்லித் தொலைப்பதற்கென்ன அந்தப் பெண்ணுக்கு என்று ஆவுடைச்செல்வியைத் திட்டினார்.

அவர் திட்டி முடிக்கிற வரைக்கும் ஜெனோவா காத்திருந்தார்.

“நீங்க உள்ளே போங்க சார்.”

“நானா? பொம்பளைப் பிள்ளை குரலுக்கு நான் போயி என்ன செய்ய?”

“குரல் இருக்கட்டும். உதடு என்ன சொல்லுதுன்னு கண்டுபிடிங்க. அது தெரியாம யாரைக் கூப்பிட்டாலும் பேச முடியாது.” கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். “பூட்டெல்லாம் கிடையாது. தள்ளினா திறந்துக்கும்.”

உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

இதற்கு முன் எத்தனையோ முறை கண்ணாடிக்கு வெளியே இருந்து அந்த அறையைப் பார்த்திருக்கிறார். உள்ளே நின்றதில்லை. நாலு சுவரிலும் கறுப்பாகப் பஞ்சு ஒட்டியிருந்தது. தெருச் சத்தம் இல்லை, மின்விசிறிச் சத்தம் இல்லை. தன் மூச்சு தனக்கே பெரிதாகக் கேட்டது. ஹெட்போனை மாட்டினார். விளக்கு அணைந்தது.

திரையில் ஆவுடைச்செல்வி வந்தாள்.

ஜெனோவா அந்த ஓர் இடத்தை மட்டும் வெட்டி, முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வருகிற மாதிரி வைத்திருந்தார். அவள் கதவை அடிக்கிறாள், திரும்புகிறாள், வாயைத் திறக்கிறாள். மறுபடியும் அடிக்கிறாள், திரும்புகிறாள், வாயைத் திறக்கிறாள்.

“மாமா” என்றார் நல்லபெருமாள். சேரவில்லை.

“அப்பா.” அதற்கும் உதடு ஒட்ட வேண்டும். அவளுக்கு ஒட்டவில்லை.

“அய்யா” என்று பார்த்தார். கிட்டத்தில் வந்தது. ஆனால் அவள் வாய் ஒரே ஒரு தடவைதான் திறந்தது.

ஒரே தடவை திறக்கிற வார்த்தை. பற்கள் தெரிய ஆரம்பித்து, வாய் அகலத் திறந்து, அப்படியே நிற்கிற வார்த்தை.

அது என்னவென்று அவர் நாக்குக்குத் தெரிந்துவிட்டது. சொல்லாமல் நின்றார்.

அவள் மறுபடி கதவை அடித்தாள், திரும்பினாள், வாயைத் திறந்தாள்.

“சொல்லுங்க சார்” என்றது ஹெட்போனில் ஜெனோவாவின் குரல்.

“சார்” என்றார் நல்லபெருமாள்.

சேர்ந்துகொண்டது.

படப்பிடிப்பில் மற்ற எல்லோரையும் ஆவுடைச்செல்வி அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அவள் சார் என்று கூப்பிட்டது ஒருத்தரைத்தான்.

நல்லபெருமாளின் மனசு தப்பித்துப் போக ஒரு சந்து தேடியது. புதுப் பிள்ளை, வசனம் மறந்திருக்கும், வாயில் வந்ததைச் சொல்லியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஜெனோவா அதற்கு அடுத்த இடத்தையும் சேர்த்து ஓட விட்டார். உதடு ஒட்டியது, குவிந்தது, திறந்து மறுபடியும் ஒட்டியது.

“போதும்” என்றார்.

அதுவும் சேர்ந்துகொண்டது.

அதற்கப்புறம் ஆவுடைச்செல்வி கதவை விட்டுவிட்டாள். இருட்டில் கையை நீட்டித் துழாவியபடி நேரே கேமராவைப் பார்த்து வந்தாள். உள்ளே அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்கக்கூடியது அதன் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்றுதான். அதன் பின்னால் யார் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதும் அவளுக்குத் தெரியும். திரை முழுக்க அவள் முகமாக நிறைந்தது. அன்றைக்குப் புங்கமரத்தடியில் நல்லபெருமாளுக்குப் புல்லரித்தது இந்த இடத்தில்தான்.

மிக மெதுவாகச் சொன்னாள். சின்னப் பிள்ளைக்குப் புரிய வைக்கிற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையாக. ஒரு வார்த்தையிலும் உதடு ஒட்டவில்லை.

நல்லபெருமாள் அவள் வாயைப் பார்த்தார். தன் வாயை அதே மாதிரி திறந்தார். அவள் நிறுத்திய இடத்தில் நிறுத்தினார்.

“நான்… நடிக்கலை… சார்.”

ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

அவள் மறுபடி கதவை அடித்தாள். மறுபடி கேமராவை நோக்கி வந்தாள். யாரும் சொல்லச் சொல்லவில்லை. அவர் வாய் தானாகவே அவளோடு சேர்ந்து சொன்னது. நான் நடிக்கலை சார். அவள் மறுபடியும் வந்தாள். நான் நடிக்கலை சார். அறையில் காற்றே இல்லாதது போலிருந்தது. கதவு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கையால் தடவினார். எங்கே தொட்டாலும் பஞ்சாக இருந்தது. இவ்வளவு பயத்தை அந்த மனுஷன் தன் ஆயுசில் பட்டதில்லை.

நிறுத்துங்க மேடம் என்று கத்தினார். கத்தியதாகத்தான் நினைத்தார். கண்ணாடியில் தன் உதடு அசைவது அவருக்கே தெரிந்தது. தொண்டையிலிருந்து சத்தம் வரவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெனோவா அந்த உதட்டைப் பார்த்தார். உடனே படத்தை நிறுத்தினார். விளக்கைப் போட்டார். எழுந்து ஓடி வந்து கதவைத் திறந்தார்.

நல்லபெருமாள் வெளியே வந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஜெனோவாவும் நாற்காலியில் உட்காராமல் அவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். மாவுக்கடையில் கிரைண்டர் ஓடுகிற சத்தம் கீழேயிருந்து வந்தது.

“உங்களுக்கு நேத்தே தெரியுமா மேடம்?”

ஜெனோவா மேசையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எட்டி எடுத்து அவரிடம் கொடுத்தார்.

நல்லபெருமாள் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். அந்த ஷாட் இல்லாவிட்டால் படம் இல்லை. விழாவும் இல்லை. அது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒரு முடிவுக்கு வந்தார். முடிவுக்கு வந்ததும் நெஞ்சில் பாரம் கொஞ்சம் இறங்கினாற்போல இருந்தது.

“அந்த ஷாட்டைத் தூக்கிடுதேன் மேடம். இனி யாரும் அதைப் பார்க்க வேண்டாம். இருந்த இடம் தெரியாம அழிச்சுப் போடுதேன்.”

ஜெனோவா திரையில் நின்றுபோயிருந்த ஆவுடைச்செல்வியின் முகத்தைப் பார்த்தார். பிறகு அவரைத் திரும்பிப் பார்த்தார்.

“யாரைக் கேட்டு?”