மூடிக்கு வைத்த பொட்டு

குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடருக்கு அறுபத்தொன்று. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. முதலில் சிரித்தவர்களெல்லாம் இப்போது குருவிடம்தான் கதவு செய்யக் கொடுக்கிறார்கள்.

குருவின் பெயர் விசாலாட்சி. கோவை கணபதியில் மரப்பட்டறை வைத்திருக்கிறார். ஊரே அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடும். சீடர் சென்னியப்பன் பத்திரப்பதிவு அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்து மூன்று வருஷம் அடுத்தவர் சொத்துக்கு முத்திரை குத்திய கை, தன் பங்குக்கு ஒரு நாற்காலியாவது செய்துவிட வேண்டும் என்று துடித்தது.

இரண்டு வருஷமாகப் படிக்கிறார். கைரம்பமும் இழைப்புளியும் நன்றாகப் பழகிவிட்டன. பட்டறையில் இருந்த ரம்ப மெஷினை மட்டும் குரு தொட விடவில்லை. இரும்பு மேஜையின் நடுவில் வட்டப் பிளேடு சுழலும் மெஷின் அது. மரத்தைத் தள்ளிக் கொடுத்தால் அறுத்துத் தரும். வருவது மரமா விரலா என்று அது பார்ப்பதில்லை.

"இன்னைக்கு நான் ஓட்டட்டுங்களா மேஸ்திரி?"

"இருக்கட்டும் சார்."

இந்த இரண்டு வார்த்தையைக் கேட்டுக் கேட்டுச் சீடருக்குப் புளித்துவிட்டது. சொந்தமாக ஒன்று வாங்கினால் யார் தடுக்கப் போகிறார்கள்? கார் ஷெட்டைக் காலி செய்தார். 'சென்னியப்பன் மரப் பட்டறை' என்று போர்டுகூட மாட்டிவிட்டார். உள்ளே ஒரு விளக்குமாறு மட்டும் இருந்தது.

"பத்து வெரலோட சாப்பிட உக்கார்றதா இருந்தா வாங்குங்க" என்றார் அவர் மனைவி ரத்தினா. "ஒண்ணு கொறைஞ்சாலும் மெஷினைத் தூக்கிக் குப்பையில போட்டுருவேன்."

புது மெஷின் விலை எட்டாது. பழையதுதான் வாங்க வேண்டும். மறுநாள் காலை குருவிடம் கேட்டார்.

"பழைய மெஷின்ல எதைப் பாத்து வாங்கறதுங்க மேஸ்திரி?"

குரு கையிலிருந்த மரத்தூளைத் தட்டினார்.

"வண்டியை எடுங்க."

முதலில் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு புரோக்கரிடம் போனார்கள். நீலப் பெயிண்ட் பளபளவென்று ஒரு மெஷின் நின்றது.

"பன்னெண்டு வருஷம் ஒரே ஆள் ஓட்டுனதுங்க" என்றார் புரோக்கர். "கை படாம இருக்கப் பிளேடு மேல மாட்டற மூடியைப் பாருங்க. கம்பெனி கவரே இன்னும் பிரிக்கல."

சீடருக்கு முகமெல்லாம் பல். "பாத்தீங்களா மேஸ்திரி, எவ்வளவு பத்திரமா வெச்சிருந்திருக்காங்க!"

குரு அந்தப் பிளாஸ்டிக் கவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டுனவரு இப்ப என்ன பண்றாருங்க?"

"தொழிலை விட்டுட்டாருங்க."

"ஏனுங்க?"

புரோக்கர் தொண்டையைச் செருமினார். "அதெல்லாம் நமக்கெதுக்குங்க?"

"வர்றோமுங்க" என்று குரு கிளம்பிவிட்டார்.

டீக்கடையில் சீடர் பொறுக்க முடியாமல் கேட்டார். "அந்த மெஷின்ல என்னங்க குறை?"

"மெஷின்ல ஒரு குறையும் இல்லீங்க சார்."

அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. குருமார்களிடம் இது ஒரு தொல்லை. சீடர் டீயை ஆற்றாமலே குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

அடுத்தது துடியலூர். அங்கே மருதாசலம் என்பவர் வீட்டுக்குப் பின்னால் பெரிய பட்டறை நடத்துகிறார். ஆர்டர் குவிவதால் பெரிய மெஷின் இறக்கிவிட்டார். சின்னதை விற்கிறார்.

சின்ன மெஷினைப் பார்த்ததும் சீடருக்கு மனசே விட்டுப்போயிற்று. பெயிண்ட் உதிர்ந்து கிடந்தது. பிளேடு மூடி கம்பெனி மூடியே அல்ல. இரும்புப் பட்டையை வளைத்து, அக்ரிலிக் தகடு பொருத்தி, தூக்கி இறக்கக் கீல் வைத்து யாரோ கையால் செய்தது. தகடு முழுக்கக் கீறல் விழுந்து பனி மூடியதுபோல் இருந்தது.

"என் மெஷினுங்க" என்றார் மருதாசலம், பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களிடம் பேசுவதுபோல. "இதுல அறுத்த கதவு மூணு கல்யாண மண்டபத்துல நிக்குது. ஒரு கதவையும் இழுத்துச் சாத்த வேண்டியதில்ல. வெரல்ல தொட்டாப் போதும்."

தொட்டுக் காட்டுவதுபோல் இடது கையை நீட்டினார். ஆள்காட்டி விரலில் பாதி இல்லை.

சீடர் குருவின் காதருகே குனிந்தார். "போயிரலாமுங்க மேஸ்திரி. இது விரல் தின்ன மெஷின்."

குரு காதில் வாங்கவில்லை. பிளேடு மாட்டும் ஷாஃப்டைப் பிடித்து ஆட்டினார். அசையவில்லை. பிறகு மூடியைத் தடவினார். இரும்புப் பட்டையில் சந்தனமும் குங்குமமும் அப்பி அப்பி ஒரு விரல் கனத்துக்குக் காய்ந்திருந்தது.

"ஆயுத பூஜைக்குப் பொட்டை எல்லாரும் மோட்டாருக்குத்தான் வெப்பாங்க" என்றார் குரு.

"நான் மூடிக்குத்தானுங்க மொதப் பொட்டு."

"எத்தனை பூஜைங்க?"

"பத்தொம்போது." மருதாசலம் பாதி விரலை நிமிர்த்திப் பார்த்தார். "இது மெஷின் வாங்குன ரெண்டாவது மாசம் போனது. பார்வைக்கு எடைஞ்சலா இருக்குதுன்னு மூடியைக் கழட்டிப் பரண்ல போட்டுட்டேன். தையல் பிரிச்ச அன்னைக்கே இதை நானே செஞ்சு மாட்டினேன். அப்புறம் இத்தனை வருஷத்துல ஒரு கீறல் இல்லீங்க. எனக்கும் இல்ல, எங்கிட்ட வேலை செஞ்ச ஒருத்தருக்கும் இல்ல."

அதைச் சொன்னபோது அவர் மார்பு நிமிர்ந்திருந்தது. நிமிர்த்திக்கொள்ள அவருக்கு உரிமை இருந்தது.

சீடருக்கு அந்தப் பிரிக்காத கவர் கண் முன்னால் வந்தது. பன்னிரண்டு வருஷமும் மூடி மாட்டாமலே ஓட்டிய மெஷின் அது. அதைப் பார்த்துத் தான் பல்லைக் காட்டியதும் வந்தது. கூசிப்போனார்.

"இந்த மெஷினே போதுங்க" என்றார்.

"உங்களுக்குப் போதும். எனக்குப் போதுமான்னு பாக்கணுமல்ல?" மருதாசலம் ஒரு தேக்குப் பலகையை எடுத்து நீளவாக்கில் பென்சிலால் கோடு போட்டார். "இதுக்கு முன்னாடி வந்த நாலு பேருக்கும் நான் குடுக்கல. ஓட்டத் தெரியுமுங்களா?"

"ரெண்டு வருஷமா மேஸ்திரிகிட்டப் படிக்கறேனுங்க" என்றார் சீடர், தலையை நிமிர்த்தி. தெரியும் என்றும் சொல்லவில்லை, தெரியாது என்றும் சொல்லவில்லை. பதிவு அலுவலகத்தில் பழகிய பேச்சு.

"அப்பக் கோட்டை ஒட்டி அறுத்துக் காட்டுங்க."

பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்த நான்கைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். சீடர் குருவைப் பார்த்தார். குரு 'இருக்கட்டும் சார்' என்று சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சீடர் பலகையை மேஜையில் வைத்தார். கீறல் விழுந்த தகட்டின் வழியாகக் கோடு தெரியவில்லை. குனிந்து பார்த்தார். அப்போதும் தெரியவில்லை. இத்தனை பேர் பார்க்கிறார்கள், மெஷின் கையை விட்டுப் போகப் போகிறது. மூடியைத் தூக்கிவிட்டால் கோடு பளிச்சென்று தெரியும். கை தானாக மூடிக்குப் போனது. காய்ந்த சந்தனம் விரலில் சொரசொரவென்று பட்டது.

கையை எடுத்தார். பலகையையும் எடுத்துக் கீழே வைத்தார்.

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்க."

சீடர் மருதாசலத்தின் பக்கம் திரும்பினார்.

"மேஸ்திரி இன்னும் என்னை இதைத் தொட விடல. கோடு தெரியலைன்னு மூடியைத் தூக்கப் போனேன். அதான் நிறுத்திட்டேன்."

அறுபத்தொரு வயதில், முன்பின் தெரியாத ஐந்து பேர் முன்னால் இதைச் சொல்வது லேசான காரியமல்ல. அவர் காது மடல் சிவந்துவிட்டது.

மருதாசலம் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"டெம்போவை வரச் சொல்லுங்கப்பா. மெஷின் சாருக்குத்தான்."

சீடருக்குப் புரியவில்லை. "நான்தான் அறுத்துக் காட்டலியே?"

"அந்த நாலு பேரும் நல்லா அறுத்துக் காட்டுனாங்க. நாலு பேரும் மூடியைத் தூக்கிட்டுத்தான் அறுத்தாங்க."

மெஷினை டெம்போவில் ஏற்றிக் கயிறு கட்டினார்கள். விலை பேசியதில் ஐந்நூறு குறைத்தும் கொடுத்தார் மருதாசலம். ஆனாலும் சீடரின் தலை நிமிரவில்லை. மெஷின் கிடைத்ததில் சந்தோஷம்தான். குருவின் பேரைக் கெடுத்துவிட்டோமே என்பதுதான் உள்ளே அறுத்தது.

மருதாசலம் அதைப் பார்த்துவிட்டார். கடைசி முடிச்சைப் போட்டபடி குருவைச் சீண்டினார்.

"ஏனுங்க மேஸ்திரி, ரெண்டு வருஷம் உங்ககிட்டப் படிச்சவரு ஓட்டத் தெரியாதுங்கறாரு. அப்படி என்னத்தைத்தான் சொல்லிக் குடுத்தீங்க?"

குரு சீடரின் பக்கத்தில் வந்து நின்றார். அவ்வளவு பெருமையாக அவர் சிரித்து அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

"அதைச் சொல்லத்தானுங்க."