செந்நாய் மேனேஜரும் கேளையாட்டுக் கேப்டனும்

கோடையில் ஆறு வற்றியதும் அந்தக் காட்டில் இரண்டே மடுக்கள்தான் மிஞ்சும். ஒன்று நாவல்மடு. தெளிந்த தண்ணீர், மணல் கரை, சுற்றிலும் நிழல். இன்னொன்று முதலைமடு. அதைப் பற்றிப் பெயரே சொல்லிவிடும்.

நாவல்மடு யாருக்கு என்று கீழக்காட்டு விலங்குகளும் மேட்டுக்காட்டு விலங்குகளும் ஒரு காலத்தில் முட்டி மோதிக்கொண்டன. இரண்டு பக்கமும் சாவு அதிகமானது. கடைசியில் சண்டையை விட்டுவிட்டுப் பந்தாட்டத்துக்கு வந்தன. கோடை தொடங்கும்போது ஒரு கால்பந்துப் போட்டி நடக்கும். ஜெயித்த கூட்டம் கோடை முழுக்க நாவல்மடுவில் குடிக்கும். தோற்ற கூட்டம் முதலைமடுவுக்குப் போகும். அங்கே போகிறவர்கள் எல்லோரும் திரும்பி வருவதில்லை.

கீழக்காட்டு அணியின் கேப்டன் செல்லாண்டி என்ற கேளையாடு. கேளையாடு என்றால் ஆடு அல்ல. நாயைப் போலக் குரைக்கும் ஒரு சின்ன மான். செல்லாண்டிக்குப் பெரிய வேகம் கிடையாது, பெரிய பலமும் கிடையாது. ஆனால் பந்து எங்கே வரும் என்று அதற்கு முன்கூட்டியே தெரியும். தவறு செய்தவனைத் திட்டாது. அதனால் அணியில் எல்லோருக்கும் அதைப் பிடிக்கும்.

மேனேஜர் மாசாணம் என்ற செந்நாய். சொந்தக் கூட்டம் அதன் காலைக் கடித்து விரட்டிவிட்டது. நொண்டிக்கொண்டு கீழக்காட்டுக்கு வந்து சேர்ந்தது.

"எனக்கு ஒரு மூலை கொடுங்கள். நண்டும் மீனும் தின்று பிழைத்துக்கொள்கிறேன். உங்களில் ஒருவரையும் தொடமாட்டேன். அதற்குப் பதிலாக உங்களை ஜெயிக்கவைக்கிறேன்" என்றது.

கீழக்காடு அப்போது தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது. முதலைமடுவில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்கள் யோசிக்கவே இல்லை. சரி என்றன.

மாசாணம் சொன்னபடி ஜெயிக்கவைத்தது. செந்நாய்க்குச் சுற்றி வளைக்கத் தெரியும். எதிரியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும், யார் முன்னால் ஓட வேண்டும், யார் ஒதுங்கி நிற்க வேண்டும் என்பதெல்லாம் அதன் ரத்தத்தில் ஊறியது. அதை அணிக்குக் கற்றுக்கொடுத்தது. அதன் பிறகு கீழக்காட்டுக் குட்டிகள் முதலைமடுவைப் பார்த்ததே இல்லை.

ஆனால் அணி மாசாணத்தைக் கண்டு நடுங்கியது. அது ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. பயிற்சி முடிந்ததும் தவறு செய்தவனைத் தனியாகக் கூப்பிடும். பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக முகர்ந்து பார்க்கும். "அணிக்கு உதவாதவன் கூட்டத்துக்கு எதற்கு?" என்று கேட்கும். அவ்வளவுதான். அந்தக் கேள்வி காதில் விழுந்தவனுக்கு அன்று தூக்கம் வராது.

ஒரு கோடையில் ஒரு கீரி கவனக்குறைவாக ஒரு கோலை விட்டுவிட்டது. மறுநாள் கீரியைக் காணவில்லை.

"அவன் வேறு காட்டுக்குப் போய்விட்டான்" என்றது மாசாணம்.

எந்தக் காடு என்று யாரும் கேட்கவில்லை. கேப்டன் செல்லாண்டியும் கேட்கவில்லை. கேட்க வாயெடுத்தது, கேட்காமலே நகர்ந்துவிட்டது.

இந்தக் கோடையில் மேட்டுக்காட்டு அணிக்கு ஒரு புதிய ஆட்டக்காரி வந்திருந்தாள். வஞ்சி என்ற புள்ளிமான். அவள் பந்தோடு ஓடினால் காற்றுதான் பின்னால் போகும் என்று பறவைகள் பேசிக்கொண்டன. அந்தச் சேதி கேட்டதிலிருந்து கீழக்காட்டு அணிக்குப் புல் இறங்கவில்லை.

போட்டிக்கு முந்தின நாள் மாசாணம் அணியை ஆட்டப் பொட்டலுக்கு அழைத்துப்போனது. பொட்டலின் வடக்கு ஓரத்தில் ஒரு பச்சைப் புல்வெளி. பார்க்க மெத்தை போல இருக்கும். அடியில் ஊற்று கசிந்து உளைச்சேறு தேங்கியிருந்தது. மாசாணம் ஒரு கல்லை அதன் மேல் தள்ளியது. கல் கொஞ்சம் நின்றது. பிறகு சத்தமில்லாமல் உள்ளே போனது. புல் மறுபடியும் மூடிக்கொண்டது.

"ஊற்று இந்த வருஷம்தான் இங்கே கசிகிறது, மேட்டுக்காட்டுக்காரர்களுக்குத் தெரியாது" என்றது மாசாணம். "நாளை வஞ்சியிடம் பந்து வந்ததும் முயல் இந்தப் பக்கம், செல்லாண்டி அந்தப் பக்கம். நடுவில் முள்ளம்பன்றி. பந்தைப் பறிக்க வேண்டாம். வடக்கே திருப்பினால் போதும். மெல்லிய கால் அவளுக்கு. மீதியைச் சேறு பார்த்துக்கொள்ளும்."

முயல் பவளத்தின் காதுகள் மடங்கிப்போயின. முள்ளம்பன்றி முத்தையன் தரையைப் பார்த்தது. கோல் காக்கும் கருமந்தி சடையன் வாலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது.

செல்லாண்டி மட்டும் கேட்டது.

"ஐயா, அவள் செத்துப்போவாளே?"

"ஓடுகிறவள் பார்த்து ஓட வேண்டும்."

"இது வேட்டை ஐயா, ஆட்டம் இல்லை. சாவு வேண்டாம் என்றுதானே ஆட்டத்துக்கே வந்தோம்?"

மாசாணம் நொண்டிக்கொண்டே அருகில் வந்தது. செல்லாண்டியின் கழுத்தை முகர்ந்தது. அதன் மூச்சில் நண்டு வாசம் இல்லை. வேறு ஏதோ வாசம்.

"உனக்கு ஒரு தங்கை இருக்கிறாள், இல்லையா? இப்போதுதான் குட்டி போட்டிருக்கிறாள்" என்றது. "நாளை தோற்றால் அவள் குட்டியோடு முதலைமடுவுக்குப் போவாள். அந்தக் குட்டி முக்கியமா, யாரோ பெற்ற வஞ்சி முக்கியமா? சொல்."

செல்லாண்டியின் கண் முன்னால் அந்தக் குட்டி வந்து நின்றது. இன்னும் நேராக நடக்கக்கூடத் தெரியாத குட்டி.

"நான் அவளைப் பந்தால் தடுக்கப் பார்க்கிறேன்" என்றது கடைசியில். "சேற்றுக்கு விரட்டமாட்டேன்."

"அப்படியா? சடையா, இனிமேல் நீதான் கேப்டன்."

சடையன் திடுக்கிட்டது. செல்லாண்டியைப் பார்த்தது. பிறகு மாசாணத்தைப் பார்த்தது. "சரிங்க ஐயா" என்றது.

மாசாணம் போன பிறகும் ஒருவரும் செல்லாண்டியின் பக்கத்தில் வரவில்லை. பவளம் மட்டும் தூரத்திலிருந்தே சொன்னது: "அண்ணே, ஏன் எதிர்த்துப் பேசினீர்கள்? கீரிக்கு என்ன ஆனதென்று உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும். அன்றைக்கே பேசியிருக்க வேண்டும்."

"நீங்கள் ஓடிப்போய்விடுங்கள் அண்ணே."

"நான் போனால் என் இடத்தில் வேறு யாரையாவது நிறுத்தி விரட்டச் சொல்லும். நான் ஆடுகிறேன்."

தைரியமாகத்தான் சொன்னது. ஆனால் அன்று ஒரு சருகு உரசினால்கூட அதன் கால்கள் துள்ளின.

மறுநாள் காலை பொட்டலைச் சுற்றி இரண்டு காடும் கூடிவிட்டன. நடுவர் இருவாச்சிப் பறவை மரக்கொம்பில் உட்கார்ந்து குரல் கொடுத்ததும் ஆட்டம் தொடங்கியது. கொடிகளைச் சுற்றிப் பின்னிய பந்து தூசியைக் கிளப்பிக்கொண்டு உருண்டது. மேட்டுக்காட்டுக் கேப்டன் மொட்டையன் என்ற காட்டுப்பன்றி. அது தலையால் முட்டிய பந்து நேராக வஞ்சியின் காலுக்குப் போனது. வஞ்சி பறந்தாள். சடையன் தாவுவதற்குள் கோல்.

கீழக்காட்டுக் கூட்டத்தில் யாரோ அழுதார்கள். கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த மாசாணம் அசையவில்லை. வாலை மட்டும் ஒருமுறை தரையில் அடித்தது. அதுதான் சைகை.

அடுத்த முறை வஞ்சியிடம் பந்து வந்ததும் பவளம் ஒரு பக்கமாக ஓடியது. முத்தையன் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு நடுவில் நின்றது. முத்தையனைப் பந்துக்குப் பக்கத்தில் விடுவதே கிடையாது, முள் பட்டால் பந்து பிரிந்துவிடும். அன்று அதுவே நடுவில் வந்து நின்றதைப் பார்த்து வஞ்சி வியந்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே விலகினாள். செல்லாண்டி நிற்க வேண்டிய இடத்தில் மாசாணம் அணியிலிருந்த ஒரு நரியை நிறுத்தியிருந்தது. நரி பல்லைக் காட்டியது. வஞ்சி வடக்கே திரும்பினாள்.

முன்னால் யாரும் இல்லை. பச்சைப் புல் மட்டும். அவள் வேகம் கூடியது.

செல்லாண்டி பின்னாலேயே ஓடியது. எட்டாது என்று அதற்குத் தெரிந்தது. கோட்டுக்கு வெளியே மாசாணம் எழுந்து நிற்பது கடைக்கண்ணில் பட்டது. செந்நாயின் வாயிலிருந்து எச்சில் வடிந்துகொண்டிருந்தது.

செல்லாண்டிக்குத் தங்கையின் குட்டி ஞாபகம் வந்தது. கீரி ஞாபகமும் வந்தது. நின்று, கழுத்தை நீட்டி, உயிர் போகிற மாதிரி குரைத்தது.

கேளையாடு குரைத்தால் காட்டில் எல்லோரும் நிற்பார்கள். அது பிறவியிலேயே ஊறிய பழக்கம். பவளம் நின்றது. நரி நின்றது. பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் முழுக்க உறைந்தது. வஞ்சியும் நிற்கப் பார்த்தாள். ஆனால் அவள் வேகம் அவளை விடவில்லை. முன்னங்கால்கள் இரண்டும் புல்லைக் கிழித்துக்கொண்டு சேற்றுக்குள் இறங்கின.

அவள் கத்தவில்லை. உதறினாள். உதற உதற மார்பு வரைக்கும் போனது.

"விளையாடுங்கள்" என்றது மாசாணம். அப்போதும் அதன் குரல் உயரவில்லை. "பந்து வெளியில்தான் கிடக்கிறது. மேட்டுக்காட்டுக்காரர்கள் எல்லோரும் இங்கே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே கோல் காலி. சடையா, பந்தை எடுத்துப் போகச் சொல்."

சடையன் பந்தைப் பார்க்கவில்லை. சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றது.

செல்லாண்டி சேற்றின் ஓரத்தில் படுத்து வஞ்சியின் கழுத்துத் தோலைப் பல்லால் பிடித்தது. பிடித்ததே தவிர இழுக்க அதற்குப் பலம் போதவில்லை. அதன் கால்களும் வழுக்கத் தொடங்கின. பின்னால் நொண்டிக் காலின் சத்தம் நெருங்கி வந்தது. திரும்பிப் பார்க்க முடியவில்லை. சேற்றில் தள்ளப்போகிறதா, கழுத்தைக் கடிக்கப்போகிறதா என்று தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டது.

"விட்டுவிடு" என்றது மாசாணம், காதுக்கு மிக அருகில். "அவள் என்னுடையவள்."

அந்தச் சொல்லைப் பவளம் கேட்டது. முத்தையனும் கேட்டது. அந்த ஒரு நொடிக்குப் பிறகு, கீரி எங்கே போனதென்று தெரியாதது போல அணியில் யாராலும் இருக்க முடியவில்லை. இன்று அவள், நாளை யார்?

முதலில் அசைந்தது முத்தையன்தான். முள் அத்தனையையும் சிலிர்த்துக்கொண்டு செல்லாண்டிக்கும் செந்நாய்க்கும் நடுவில், முள் முதுகைச் செந்நாய்க்குக் காட்டி நின்றது. நடுக்கத்தில் முட்கள் கலகலவென்று சத்தம் போட்டன.

"நகர்ந்துகொள், முத்தையா."

"மாட்டேங்க ஐயா."

பவளம் வந்து முத்தையனின் பக்கத்தில் நின்றது. சடையன் கோலை விட்டுத் தாவி வந்தது, ஒரு நீளக் கொடியைப் பிடுங்கி வஞ்சியின் மார்பில் சுற்றியது. மொட்டையன் மறு நுனியைப் பல்லால் கவ்வியது. எந்தக் காட்டு விலங்கு என்று பார்க்காமல் எல்லாம் சேர்ந்து இழுத்தன. சேறு ஒரு பெரிய சத்தத்தோடு வஞ்சியை விட்டது.

மாசாணம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தது. ஒருவரும் தலையைக் குனியவில்லை. அது நொண்டிக்கொண்டு பொட்டலைத் தாண்டிப் போனது. ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அது போன பிறகும் வெகுநேரம் யாரும் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நிற்கவில்லை.

இருவாச்சி தொண்டையைச் செருமியது. "சட்டப்படி தீர்ப்புச் சொல்ல வேண்டியது என் கடமை. ஆட்டம் பாதியில் நின்றால் முன்னிலையில் இருப்பவர்களே ஜெயித்தவர்கள். கோல் முன்னிலை மேட்டுக்காட்டுக்கு. கீழக்காடு தோற்றது."

செல்லாண்டி தலையாட்டியது.

அடுத்த நாள் கீழக்காட்டு விலங்குகள் முதலைமடுவுக்கு நடந்தன. கரையை நெருங்க நெருங்க ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்டன. செல்லாண்டி ஒரு பாறை மேல் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது. தங்கை குட்டியை வயிற்றுக்கடியில் மறைத்துக்கொண்டு குனிந்தாள். அண்ணனை ஒரு பார்வை பார்த்தாள். அதில் கோபம் இருந்ததா, நம்பிக்கை இருந்ததா என்று செல்லாண்டிக்குத் தெரியவில்லை. தண்ணீரில் இரண்டு கண்கள் மிதந்து வந்தன. செல்லாண்டி குரல் கொடுத்ததும் எல்லாம் ஒன்றாகப் பின்வாங்கின. முதலையின் வாய் வெறும் காற்றைக் கடித்து மூடியது. அரைத் தாகத்தோடு, ஆனால் ஒருவர் குறையாமல் திரும்பினார்கள்.

வழியில் மொட்டையன் நின்றுகொண்டிருந்தது.

"நேற்று முழுக்க எங்களுக்குள் பேச்சு" என்றது. "சட்டம் சட்டம்தான் என்று சிலர் சொன்னார்கள். நானும் முதலில் அதைத்தான் சொன்னேன். வஞ்சி ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் முதலைமடுவில் குடிக்கிற வரைக்கும் தானும் அங்கேதான் குடிப்பேன் என்று கிளம்பிவிட்டாள். அவளைத் தடுக்க எங்களால் முடியவில்லை. அதனால், காலையில் நாங்கள் நாவல்மடுவில் குடித்துக்கொள்கிறோம். மாலையில் நீங்கள் வாருங்கள்."

செல்லாண்டியின் தங்கை அங்கேயே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். குட்டி அவள் முதுகில் ஏறப் பார்த்தது.

"உங்கள் மேனேஜர் திரும்பி வந்தால்?" என்று கேட்டது மொட்டையன்.

"வரலாம்" என்றது செல்லாண்டி. அதன் குரலில் இன்னும் பயம் இருந்தது. "வந்தால் எல்லோருமாக நிற்போம். இந்த முறை யாராவது காணாமல் போனால், எங்கே என்று கேட்போம்."

வெற்றி தேடித் தருகிறான் என்பதற்காக ஒருவனின் அநியாயத்துக்கு வாய்மூடி இருப்பவர்கள் ஒருநாள் தாங்களே அவனுக்கு இரையாவார்கள். பயந்துகொண்டாவது மறுத்துச் சொல்ல முதலில் முன்வருகிறவனே உண்மையான தலைவன்.