பதினேழாம் எண்ணுக்கு வந்த தபால்

குறுக்கம்பட்டிக்காரர்களுக்கு மூளை குறைவு என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அது அநியாயம். அவர்கள் சொன்னதைச் செய்பவர்கள், அவ்வளவுதான். அவர்களிடம் சொல்கிறவர்கள்தான் கொஞ்சம் யோசித்துச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த ஊருக்கு ஒரே தெரு. தார் ரோட்டில் தொடங்கி ஊருணியில் முடியும். பக்கத்துக்குப் பதினைந்தாக முப்பது வீடுகள். ரோட்டு முனையில் ஒரு பம்பு அறை. எந்த வீட்டுக்கும் எண் கிடையாது, தெருவுக்குப் பெயர் கிடையாது. எது யார் வீடு என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்கள் யாரும் அங்கே வந்ததில்லை.

இப்படி இருக்கையில் ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. வீடுகளுக்கு ஒன்றிலிருந்து தொடங்கி எண் போட வேண்டும். தெருவின் இடப்பக்கம் ஒற்றைப்படை, வலப்பக்கம் இரட்டைப்படை. தெருவுக்கும் ஒரு பெயர் வைக்க வேண்டும். வெளியூரார் யார் கேட்டாலும் ஊரார் எல்லோரும் தயங்காமல் அந்த ஒரே பெயரைச் சொல்ல வேண்டும்.

ஊராட்சித் தலைவர் கூத்தப்பெருமாள் ஊரைக் கூட்டினார். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த சங்கையா தாளை மூன்று தடவை வாசித்தார். ஒன்றாம் எண்ணை வாங்கிக்கொள்ள ஆளே இல்லை. முதல் வீடு என்றால் வேட்பாளர், விற்பனைக்காரர், வெறிநாய் எது வந்தாலும் முதலில் அங்கேதான் நுழையும். கடைசியில் அந்த எண்ணைப் பம்பு அறைக்குக் கொடுத்தார்கள். பம்பு அறை மறுப்பேதும் சொல்லவில்லை.

இடம், வலம் பார்க்க சங்கையா தெருவில் நடந்து ஊருணிவரை போனார். திரும்பி வந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

"தலைவரே, போகும்போது இடப்பக்கம் இருந்த வீடெல்லாம் வரும்போது வலப்பக்கம் நிக்குது."

"யார் வீடு?"

"எல்லார் வீடும். என் வீடும்தான்."

காலையில் ஒற்றைப்படை, மாலையில் இரட்டைப்படை என்று மாற்றி மாற்றி எழுதலாம் என்றார் ஒருவர். பெயின்ட் காயாது என்று அதைத் தள்ளிவிட்டார்கள். கூத்தப்பெருமாள், திரும்புவதால்தானே இந்தத் தொல்லை, யாரும் திரும்பாமல் இருந்தால் போதாதா என்று கேட்டார். அன்று முதல் குறுக்கம்பட்டியில் ஊருணிக்குப் போகிறவர்கள் முன்னோக்கியும், அங்கிருந்து வருகிறவர்கள் பின்னோக்கியும் நடந்தார்கள். இடப்பக்கம் இடப்பக்கமாகவே இருந்தது. முதல் வாரத்தில் ஒன்பது குடம் உடைந்தது. சங்கையா ஒருநாள் காயப்போட்ட வடகத்தில் உட்கார்ந்து எழுந்தார். ஒரு மாதத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது, ஆடுகளைத் தவிர.

தெருவின் பெயருக்கு இவ்வளவு சிரமம் இல்லை. ஊரார் எல்லோரும் தயங்காமல் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும் என்பதால், அவர்கள் ஏற்கெனவே என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிடலாம் என்றார் தலைவர். சங்கையா வீடு வீடாகப் போய், "இது எந்தத் தெரு?" என்று கேட்டார். முப்பது வீட்டிலும் தயங்காமல், "எது, இந்தத் தெருவா?" என்றார்கள். ஒருமனதான முடிவு. 'இந்தத் தெரு' என்று பலகை எழுதி நட்டாயிற்று.

பதினேழாம் எண் வீடு தவமணியுடையது. நர்ஸ் படிப்பு முடித்து இரண்டு வருடமாக வேலைக்குக் காத்திருந்த பெண். ஊரில் எண் போட்ட மறுநாளே, 'எண் 17, இந்தத் தெரு, குறுக்கம்பட்டி' என்று முகவரி எழுதி, மாவட்டத் தலைநகரில் ஒரு மருத்துவமனைக்கு விண்ணப்பம் போட்டாள். நேர்காணலில் தேறியும் விட்டாள். வேலை உத்தரவு பதிவுத் தபாலில் வரும், வருகிற திங்கட்கிழமை பத்து மணிக்குள் உத்தரவோடு வந்து சேர வேண்டும், வராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

இடையில் ஒன்றிய அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். பம்பு அறைக் கதவில் ஒன்று என்று எழுதியிருப்பதைப் பார்த்தார். இதில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை என்றார்கள். ஆள் குடியிருக்கும் இடத்துக்குத்தான் எண் என்று விளக்கிவிட்டு, "எல்லாரும் ஒரு எண் முன்னால வந்துடுங்க" என்று சொல்லி ஜீப்பில் ஏறினார்.

அன்று நடந்த கூட்டத்தில், சுவரில் இருப்பதை அழித்து எழுதினால் போதாதா என்று தவமணி கேட்டாள். சங்கையா அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"எண் அரசாங்கத்தோடது, தாயி. அதுல கை வைக்கலாமா? அவர் நம்மளைத்தானே முன்னால வரச் சொன்னார்?"

மறுநாள் காலை ஊரே வீடு மாறியது. ஒற்றைப்படை ஒரு பக்கம், இரட்டைப்படை எதிர்ப்பக்கம் என்பதால், ஒரு எண் முன்னால் போக எல்லோரும் தெருவைக் கடக்க வேண்டியிருந்தது. முப்பது குடும்பமும் ஒரே நேரத்தில் கட்டிலும் அண்டாவுமாகத் தெருவின் நடுவே சந்தித்துக்கொண்டன. மாலைக்குள் ஒருவழியாக இரண்டாம் எண் குடும்பம் பம்பு அறைக்குப் போனது. தவமணி பதினேழிலிருந்து பதினாறுக்குப் போனாள். பதினெட்டிலிருந்த சங்கையா பதினேழுக்கு வந்தார். பம்பு அறையில் இப்போது ஆள் குடியிருப்பதால் அதிகாரியின் குறையும் தீர்ந்தது. முப்பத்தொன்றாம் எண் வீடு மட்டும் காலியாகக் கிடந்தது. ஊரில் ஒரு வீடு கூடுதலாகக் கிடைத்திருக்கிறது என்று கூத்தப்பெருமாள் ஒன்றியத்துக்கு மகிழ்ச்சியோடு எழுதினார்.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குத் தபால்காரர் லூர்துராஜ் வந்தார். பக்கத்து வட்டத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர், சட்டம் பேசுகிறவர். பதினேழாம் எண் கதவைத் தட்டி, தவமணிக்குப் பதிவுத் தபால் என்றார். சங்கையா வெளியே வந்தார்.

"பதினேழு நான்தான். ஆனா தவமணி நான் இல்ல."

எதிர்வீட்டிலிருந்து தவமணி ஓடிவந்து, நான்தான் தவமணி என்றாள். லூர்துராஜ் அவள் எந்த வீட்டிலிருந்து வந்தாள் என்பதைப் பார்த்துவிட்டார். எண்ணும் பேரும் இரண்டும் சரியாக இருந்தால்தான் கொடுப்பேன், ஐந்து மணிக்குத் தபாலாபீஸ் மூடுவதற்குள் சரியாகாவிட்டால் ஆள் இல்லை என்று எழுதித் திருப்பிவிடுவேன் என்றார். வேண்டுமானால் சங்கையா மாமா வீட்டு வாசலில் வந்து நிற்கிறேன் என்றாள் தவமணி.

"நீ வந்து நின்னா விருந்தாளி" என்றார் சங்கையா. "விருந்தாளிக்கு யாராவது தபால் குடுப்பாங்களா?"

லூர்துராஜ் அதை ஆமோதித்தார். ஊர் கூடிவிட்டது. பேர் பெரிதா, எண் பெரிதா என்று விவாதம் ஆரம்பித்தது. பேர் தாய் தகப்பன் வைத்தது, எண் அரசாங்கம் வைத்தது. ஆகவே எண்தான் பெரிது, வேலைக்குச் சங்கையாதான் போக வேண்டும் என்று ஒரு கட்சி கிளம்பியது. சங்கையா கொஞ்சம் யோசித்தார். தனக்கு ஊசி போட வராது, ஆனால் ஊர் போகச் சொன்னால் போகிறேன் என்றார்.

தவமணி தலைவர் பக்கம் திரும்பினாள்.

"பெரியப்பா, இன்னிக்கு இது என் கையில வரலைன்னா திங்கக்கிழமை அந்த வேலை எனக்கு இல்ல. ரெண்டு வருஷம் காத்திருந்தேன். ஏதாவது பண்ணுங்க."

கூத்தப்பெருமாள் இளகிய மனசுக்காரர். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பொண்ணுக்காக ஊர் ஒரு வீடு பின்னால் போகட்டும் என்றார்.

முப்பதாம் எண் குடும்பம் காலியாக இருந்த முப்பத்தொன்றுக்குப் போனது. இருபத்தொன்பது முப்பதுக்குப் போனது. இப்படியே பதினைந்து குடும்பங்கள் தெருவைக் கடந்தன. சங்கையா தன் ஆட்டுக்கல்லை உருட்டிக்கொண்டு பதினெட்டுக்குப் போனார். இரண்டரை மணிக்குத் தவமணி பதினேழாம் எண் வீட்டுக்குள் நுழைந்து, கதவைச் சாத்தி, மறுபடி திறந்துகொண்டு வெளியே வந்தாள். எண்ணும் பேரும் சரியாக இருந்தன. லூர்துராஜ் கையெழுத்து வாங்கிக்கொண்டு தபாலைக் கொடுத்தார்.

தவமணி பிரித்துப் படித்தாள். மறுபடியும் படித்தாள். அப்புறம் சங்கையாவிடம் கொடுத்தாள். அவர் உரக்க எழுத்துக்கூட்டினார்:

'தாங்கள் எண் பதினாறுக்குக் குடிமாறியதாக எழுதிய கடிதம் கிடைத்தது. தாங்கள் பழைய முகவரியில் இல்லை என்பதைத் தங்களுக்குத் தெரிவிக்கவே இக்கடிதம் பழைய முகவரிக்கு அனுப்பப்படுகிறது. வேலை உத்தரவு புதிய முகவரிக்கு அனுப்பப்பட்டுள்ளது.'

வீடு மாறிய அன்றே பொறுப்பாக ஒரு கார்டு எழுதிப் போட்டதைத் தவமணி ஒப்புக்கொண்டாள். எவ்வளவு படித்தாலும் அவளும் குறுக்கம்பட்டிப் பெண்தான்.

ஒரு தபாலைக் கொடுத்து முடிக்காமல் அடுத்ததைத் தொடாத லூர்துராஜ், இப்போது பைக்குள் கைவிட்டு அடுத்த உறையை எடுத்தார். "எண் பதினாறு, தவமணி" என்று வாசித்தார்.

பதினைந்து குடும்பமும் குனிந்து, இறக்கிவைத்த சாமானைத் தூக்கின. லூர்துராஜுக்கு முதன்முறையாக ஒரு சந்தேகம் வந்தது.

"தலைவரே, பதினாறு இப்ப காலியாத்தானே கிடக்கு? அந்தப் பொண்ணு மட்டும் அங்க போனா போதாதா? எல்லாரும் எதுக்கு மாறணும்?"

"அவ மட்டும் போனா பதினேழு காலியாயிடும்" என்றார் கூத்தப்பெருமாள் பொறுமையாக. "நாளைக்குப் பதினேழுக்கு ஒரு தபால் வந்தா நீங்க யார் கையில குடுப்பீங்க?"

லூர்துராஜ் சட்டப்புத்தகம் முழுவதையும் மனசுக்குள் புரட்டிப் பார்த்தார். இதற்கு அதில் பதில் இல்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

நாலரை மணிக்குத் தவமணி பதினாறாம் எண் வாசலில் நின்று தன் வேலை உத்தரவுக்குக் கையெழுத்துப் போட்டாள். எங்கே போட வேண்டும் என்பதைத் தபால்காரர் தாடையால்தான் காட்டினார். அவருடைய இரண்டு கையிலும் இருபத்துமூன்றாம் எண்காரரின் பீரோ இருந்தது.