மூச்சு விடுற சேறு

ஒரு ஊர்ல ஒரு குடா இருந்துச்சாம். குடான்னா தெரியுமா தங்கம்? பெரிய கடல் அப்படியே வளைஞ்சு, ஊருக்குள்ள தலையை நீட்டிப் பாக்கும். அங்க அலை பெருசா அடிக்காது. சளப்... சளப்... அவ்வளவுதான். எங்க, ம் சொல்லு.

அந்தக் குடாவுக்கு அடியில, கடலோட சேருற வாய்ப் பக்கம் வெள்ளை மணலு. உள்ள வர வர வழுவழுன்னு சேறு. நடுவுல ரெண்டும் கலந்த தரை. மணலுக்குள்ள மட்டிச் சிப்பி புதைஞ்சு கெடக்கும், சேத்துக்குள்ள இறாலு இருக்கும். நடுத்தரையிலதான் கடல்புல்லு முளைச்சு, அதுக்குள்ள நண்டு, கணவாய், கடல்குதிரை, குஞ்சு மீனுன்னு ஒரே கூட்டம். தரை எப்படியோ, அதுல குடியிருக்கிறதும் அப்படித்தானே.

அந்த ஊர்ல கித்தேரின்னு ஒருத்தி. இடுப்பளவு தண்ணியில நின்னு, காலால தடவித் தடவி மட்டி எடுப்பா. அவ புருசன் இன்னாசி. சின்ன வள்ளத்துல குடாவுக்குள்ளயே வலை போட்டுட்டு, வெயில் ஏறுறதுக்குள்ள வீடு வந்துருவான். அவளுக்கு அது போதும். அவளைப் பெத்தவரு வெளிக்கடலுக்குப் போயி திரும்பாமலே போனவரு. அதனால, குடாவைத் தாண்டாத மாப்பிள்ளையா குடும்மான்னு மாதாகிட்ட கேட்டு வாங்கினவ அவ.

அப்புறம் ஒரு நாள் இன்னாசிக்கு ஒரு யோசனை வந்துச்சு. கொழிஞ்சித் தழையையும் தென்னம்பாளையையும் சேத்துக் கட்டி, கல்லு வச்சு, தொபுக்குன்னு குடாவுல இறக்கினான். கணவாய்க்கு அந்த மறைவு புடிக்கும், அதுல வந்து முட்டை ஒட்டும். கொஞ்ச நாள்ல போயி பாத்தா, வள்ளம் நெறையக் கணவாய். ஊரே வாயைப் பொளந்துச்சு. இன்னாசிக்குத் தரையில கால் பாவல.

அப்போ மத்தவங்க சும்மா இருப்பாங்களா? ஆளுக்கு ஒரு கட்டு. வேப்பங்கொப்பு, வாழைமட்டை, கோயில் திருநா முடிஞ்சு அவுத்த தோரணம், கல்யாணப் பந்தல் ஓலை, எல்லாம் தொபுக்கு, தொபுக்கு, தொபுக்கு. கடலுக்குச் சோறு போடுறோம்னு சொல்லிக்கிட்டாங்க. போட்டது அழுகுறதுக்குள்ள அதுக்கு மேல புதுசு.

ம்... கேக்குறியா?

அழுகினதெல்லாம் அடியில படிஞ்சு படிஞ்சு, சேறு கன்னங்கரேல்னு ஆயிருச்சு. கால் வச்சா புளுக், புளுக்னு குமிழி வரும், கெட்ட முட்டை நாத்தம் அடிக்கும். மொதல்ல கடல்புல்லு சாஞ்சுது. அப்புறம் நண்டைக் காணோம். அப்புறம் மட்டியெல்லாம் வாயைத் தெறந்துக்கிட்டுச் செத்துக் கெடந்துச்சு. கணவாயும் வழி மறந்துருச்சு. வலையை இழுத்தா தழைதான்.

அப்போ இன்னாசி என்ன பண்ணுவான்? வெளிக்கடலுக்குக் கிளம்பிட்டான். கித்தேரி கரையில நின்னு பாப்பா. வள்ளம் அலை மேல ஏறும், மறைஞ்சு போகும். ஏறும், மறைஞ்சு போகும். ஜெபமாலையை உருட்டிக்கிட்டே, இவரு மறுபடி குடாவுக்குள்ள வலை போடணும் மாதாவே, வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்னு வேண்டிக்குவா.

வேண்டிக்கிட்டு சும்மா உக்காரல அவ. பெட்டி பெட்டியா வெள்ளை மணலை அள்ளி, கறுப்புச் சேத்து மேல கொட்டினா. சொர்... சொர்... பக்கத்து வீட்டு மதலேனா பாத்துட்டு, "என்ன மதினி, கடலுக்கு வெள்ளையடிக்கிறியா?"ன்னு சிரிச்சா. ராத்திரி கழிஞ்சு பாத்தா மணலைக் காணோம், சேறு முழுங்கிருச்சு.

அப்புறம் அடுத்த ஊர்க் கரையில நண்டு புடிச்சு, ஓலைக் கொட்டானுல கொண்டாந்து விட்டா. அதுங்க சேத்துல கால் வச்சதும் குறுகுறு குறுகுறுன்னு திரும்பி அவ சீலையிலயே ஏறிருச்சு.

மூணாவது தடவை வெறுங்கையோட போனா. மணல் ஓரமா ஒரே ஒரு கடலட்டை கெடந்துச்சு, வெள்ளரிக்கா கணக்கா. எல்லாரும் போயிட்டாங்களே, நீ மட்டும் ஏன் இருக்கேன்னு அதுகிட்ட கேட்டா. அதுக்கு எதுலயும் அவசரம் கெடையாது. மெ...ள்...ள... பேசுச்சு.

"எங்களுக்குச் சேறுதான் சோறு தாயி. தின்னுட்டு, சுத்தமாக்கி வெளிய விடுவோம். புழு துளை போடும், நண்டு வளை தோண்டும். அது வழியாத்தான் தண்ணி உள்ள போயி வரும், தரை மூச்சு விடும். நீங்க மூஞ்சி மேல தலகாணியை வச்சு அமுக்கிட்டீங்களே."

கித்தேரி அதுகிட்ட, இப்ப என்ன செய்யன்னு கேட்டா.

"அமுக்கினதை எடுங்க. அப்புறம் சும்மா இருங்க. ரெண்டாவதுதான் கஷ்டம்."

வீட்டுக்குப் போயி புருசன்கிட்ட சொன்னா. அவனுக்கு மூக்கு மேல கோவம். ஊருக்கே வித்தை சொல்லிக் குடுத்தவன் நான், நானே போயி அதைப் புடுங்கினா ஊரு சிரிக்காதான்னு கத்தினான்.

"ஊரு சிரிக்கட்டும். நான் அழாம இருந்தா போதும்"னா அவ.

இன்னாசி மறுநாளும் வெளிக்கடலுக்குத்தான் போனான். அன்னைக்குப் பாத்து ஊ...ஊ...ன்னு காத்து. பொழுது சாயுற நேரத்துல வந்து சேந்தான், துடுப்பு ஒடிஞ்சு, ஒடம்பெல்லாம் வெடவெடன்னு. கித்தேரி சுடுகஞ்சி ஊத்திக் குடுத்தா. குடிச்சு முடிச்சதும், கெணத்துல விழுந்த வாளியை எடுக்குற பாதாளக்கொக்கி எங்க இருக்குன்னு கேட்டான் அவன்.

விடிஞ்சதும் குடாவுல இறங்கி, தான் போட்ட கட்டை மொதல்ல இழுத்தான். ப்ளக்னு வந்துச்சு, நாத்தம் கொடலைப் புரட்டுச்சு. கரையில நின்னவங்க சிரிக்கத்தான் செஞ்சாங்க. அவன் தலை நிமிராம அடுத்ததை இழுத்தான். அப்புறம் மதலேனா புருசன் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு இறங்கினான். அப்புறம் ஊரே இறங்குச்சு. அழுகல் எல்லாம் தென்னந்தோப்புக்கு உரமாப் போச்சு.

ம்... கண்ணு சொருகுதா? இன்னும் கொஞ்சந்தான்.

அப்புறம் சும்மா இருக்கணுமே. வலை இறக்கக் கூடாது, தழை போடக் கூடாது. ஒரே ஒரு கட்டு போட்டா என்னன்னு ஆளாளுக்குக் கை அரிச்சுச்சு. இன்னாசிதான் போயி போயி மறிப்பான். அவனும் பொழைப்புக்கு வெளிக்கடல் போய்க்கிட்டுத்தான் இருந்தான், கித்தேரியும் கரையில நின்னுக்கிட்டுத்தான் இருந்தா. மழை வந்துச்சு, சோ...ன்னு. போச்சு. பனி வந்துச்சு, போச்சு. அடியில அட்டை மெள்ள மெள்ளத் தின்னுக்கிட்டு இருந்துச்சு.

அப்புறம் ஒரு நாள் காலையில, தண்ணி வடிஞ்சு வத்துக்கடல். இன்னாசி வள்ளத்தைத் தள்ளச் சேத்துல கால் வச்சான். நாத்தம் இல்ல. கறுப்பும் இல்ல, பழுப்பு. பொடிப் பொடியா ஓட்டை. அதுல ஒண்ணு புசுக்னு தண்ணியை அவன் முட்டி மேல பீச்சுச்சு. குனிஞ்சு பாத்தான்.

"ஏளா கித்தேரி, இங்க வா. யாரோ இடியாப்பம் புழிஞ்சு வச்சிருக்காங்க."

அவ ஓடி வந்து பாத்தா, சேத்துப்புழு உள்ள இருந்து சேத்தைத் தள்ளித் தள்ளி, சுருள் சுருளா வச்சிருக்கு. பக்கத்துல நகத்தளவு நண்டு ஒண்ணு வளைக்குள்ள சுருக்னு ஓடுச்சு. அங்கிட்டு ரெண்டு பச்சைப் புல்லு தலையாட்டுது.

இன்னாசி நிமிந்தான். அப்புறம் வெளிக்கடலுக்குப் போக வள்ளத்துல கட்டியிருந்த பெரிய பாய்மரப் பாயைக் கழட்டி, சுருட்டி, அவ கையில குடுத்தான். சின்ன வலையை மட்டும் தோள்ல போட்டுக்கிட்டு, மணல் பக்கமா, தரை நோகாம நடந்து போனான்.

அவ கரையில நிக்கல. உலை வைக்க வீட்டுக்குப் போயிட்டா.

கதையும் கரை ஏறிருச்சு, கடலும் கண்ணசந்துருச்சு. நீயும் உறங்கு தங்கம், மாதா காவல்.