தொம் எங்கே போச்சு?

சட்டைப்பையில் அடங்குகிற ஒரு பாட்டு பிளேயருக்குள் ஒரு மின்னணுச் சில்லும் ஒரு கெபாசிட்டரும் குடியிருந்தார்கள். எண்களை ஒலியாக்குவது சில்லின் வேலை. அந்த ஒலியை ஹெட்போனுக்கு அனுப்பிவைப்பது கெபாசிட்டரின் வேலை. ஆனால் கெபாசிட்டர் கடுகளவுதான். கனத்த ஒலி எதுவும் அவன் வழியாக நுழையாது. அது அவனுக்கே தெரியும் என்பதுதான் கொடுமை.

பிளேயரை வாங்கியவள் சுகந்தி, மிருதங்கம் படிக்கிறவள். அதில் ஒரு மிருதங்கக் கச்சேரியைக் கேட்டதுமே முகம் சுளித்தாள். "வலந்தலை கணீர்னு இருக்கு. இடது பக்கத் தொப்பி எங்க? கனமா விழற தொம் எல்லாம் தக்குனு கேக்குது! இதைக் கேட்டு நான் என்னத்தக் கத்துக்கறது? சரியாகலைன்னா திருப்பிக் குடுத்துடுவேன்."

ஹெட்போன் பதறிப்போய் உள்ளே எட்டிப் பார்த்தது. "ஏனுங்க, அந்தத் தொம்மைக் கொஞ்சம் அனுப்போணுமுங்க. அம்மிணி என்னையத் திட்டுதுங்க."

சில்லு மேடைக்குரலில் கனைத்தார். "என்னிடமா குறை? ஒரு துளி சிந்தாமல் கொடுத்தேன்! பாட்டுக் கோப்புதான் சிறியது. பெரிய கோப்பைக் கொண்டுவரச் சொல்!"

"அய்யா சாமி, நீங்க குடுத்தது சரிதான்," என்றான் கெபாசிட்டர். "முழுங்குறது நான்! என்னைப் பேத்தெடுத்துட்டு பெரிய ஆளாப் போடச் சொல்லுங்க!"

"உன்னையா? அட்டைப்பெட்டியில் அச்சாகியிருப்பது யார் பெயர்? உன் பெயரா?"

சுகந்தியும் அட்டைப்பெட்டியைத்தான் படித்திருந்தாள். அதிலிருந்த சில்லின் பெயரை நம்பிப் பெரிய பெரிய பாட்டுக் கோப்புகளாக இறக்கினாள். தொம் வரவில்லை.

"நான் கத்துறது யாருக்காச்சும் கேக்குதா?" என்று அலறினான் கெபாசிட்டர்.

"கேக்குதுங்க," என்றது ஹெட்போன். "ஆனா கீச்சுனு கேக்குதுங்க."

சொன்னபடி சுகந்தி பிளேயரைத் திருப்பிக் கொடுத்தாள். அது கம்பெனிக்கே போய்ச் சேர்ந்தது. இன்ஜினியர் மூடியைத் திறந்தார். ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் கோல் சூடாக இறங்கி வந்தது. கெபாசிட்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு காலையும் தளர்த்திக்கொண்டான். "வாங்க சார், இந்தப் பக்கம், இந்தப் பக்கம்..."

கோல் அவனைத் தாண்டிப் போனது.

"தொம் கேக்கலையாம்," என்றார் இன்ஜினியர், பக்கத்து மேஜைக்காரரிடம். "சில்லைத் தூக்கிடு. இதைவிடப் பெருசு ஒண்ணு வந்திருக்கு, பேரு போட்டாலே விக்கும்."

"அநியாயம்!" என்று கத்திக்கொண்டே பழைய சில்லு போனார். புதுச் சில்லு வந்து பளபளவென்று உட்கார்ந்தார்.

"ஹலோ! நான்தான் லேட்டஸ்ட். முன்னாடி இருந்தவரைவிட ரெண்டு மடங்கு. வெளிய போற வழி எது பிரதர்?"

கெபாசிட்டர் தலையில் அடித்துக்கொண்டான்.

"இதுதான். தலை மட்டும் போகும். உடம்பை அங்கேயே வெச்சுட்டு வாங்க."