காளி சன்னிதியில் நான் கட்டிய பூ

பொறாமையால் கெட்டவன் கதை என்றால் ஊரில் எவனையாவது காட்டுவார்கள். இந்தக் கதைக்கு என்னைத்தான் காட்ட வேண்டும். அடுத்தவன் சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

நான் அம்பலவாணப் புலவன். பொன்னம்பல பூபதி ராஜாவின் அவையில் முப்பது வருஷமாகப் பாட்டுக் கட்டியவன். நடுவில் ஐயாக்கண்ணு என்று ஒருவன் வந்து சேர்ந்தான். மாடு மேய்த்தவன். அவன் வாயைத் திறந்தால் ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். ஒரே வருஷத்தில் என் பக்கத்திலேயே அவனுக்கும் ஓர் ஆசனம்! அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவன் சிரித்தால் எரிந்தது. தும்மினால்கூட எரிந்தது.

கடைசியில், நாலும் படித்த இந்த மேதாவி என்ன செய்தேன் தெரியுமா? ராஜாவின் மரகத மோதிரத்தைத் திருடி ஐயாக்கண்ணுவின் வெற்றிலைப் பையில் போட்டேன். நானே போய்ப் பிராதும் கொடுத்தேன்.

மோதிரம் அகப்பட்டது. "நான் எடுக்கலை மகாராஜா" என்றான் அவன். சிறையில் தள்ளினார்கள். அழுகிறானா என்று பார்க்க ஆசை ஆசையாகப் போனேன். பாவி, கூழைக் குடித்துவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். உலுக்கி எழுப்பினேன்.

"டேய், உன்னைப் பெண்டாட்டி பிள்ளையோடு நாடு கடத்தப் போறாங்க. தூக்கம் ஒரு கேடா?"

"நான் தப்பு செய்யலையே புலவரய்யா. கோட்டைக் காளியாத்தா பார்த்துக்குவா."

அந்த நிம்மதியைப் பார்த்ததும் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

ராஜாவுக்கோ அவனைத் தண்டிக்க மனசு ஒப்பவில்லை. "பூக்கட்டிப் பார்த்துவிடுவோம்" என்றார். எங்கள் சீமை வழக்கம் இது. பிராது கொடுத்தவன் ஒரு செவ்வரளி, ஒரு வெள்ளை நந்தியாவட்டை இரண்டையும் தனித்தனியாக வாழையிலையில் பொட்டலம் கட்டிக் காளி முன்னால் வைப்பான். குற்றம் சாட்டப்பட்டவன் ஒன்றை எடுப்பான். வெள்ளை வந்தால் விடுதலை. சிவப்பு வந்தால் தண்டனை.

நான் இரண்டிலும் செவ்வரளியை வைத்துக் கட்டினேன். தப்பித்தவறி அவனுக்கு வெள்ளை போய்விட்டால்? காளிக்கு அந்தச் சிரமம் வேண்டாமே என்றுதான்!

மறுநாள் காலை சன்னிதியில் ஊரே கூடியது. ஐயாக்கண்ணு கும்பிட்டான். பொட்டலங்களைப் பார்த்தான். என் முகத்தையும் பார்த்தான்.

"மகாராஜா, ஒரு விண்ணப்பம். ஒண்ணு, நான் திருடன். இல்லேன்னா புலவரய்யா பொய் சொல்றார். குற்றவாளி எங்க ரெண்டு பேரில் ஒருத்தர்தான். பொட்டலமும் ரெண்டு இருக்கு. வயசுல பெரியவர், அவர் முதல்ல எடுக்கட்டும். ஆத்தா மிச்சம் வைக்கிறது எனக்குப் போதும்."

"நியாயம்தானே!" என்றார் ராஜா. "எடும் புலவரே. சிவப்பு யாருக்கோ, நாடு கடத்தல் அவருக்கு."

ஐயோ! என் கை எந்தப் பக்கம் போகும்? இரண்டும் சிவப்பு என்று சொன்னால் காளியிடமே மோசடி செய்ததற்குத் தலை போகும். சொல்லாவிட்டால் ஊர் போகும். நெடுநேரம் யோசித்து, ரொம்பக் கவனமாக, வலது பக்கத்துச் சிவப்பை எடுத்தேன்.

"இவருக்குச் சிவப்பு. அப்படியானால் மற்றது வெள்ளை. அதைப் பிரிப்பானேன்?" என்று ராஜா தீர்ப்புச் சொல்லிவிட்டார். ஐயாக்கண்ணு தன் பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றி இடுப்பில் செருகிக்கொண்டான்.

காவலர்கள் என்னை இழுத்தபோது அவனே குறுக்கே வந்தான்.

"மகாராஜா, புலவரய்யாவைத் துரத்திடாதீங்க. அவர் பாட்டைக் கேட்டால்தானே உங்களுக்குத் தூக்கமே வருது!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு மன்னிப்பு. அவனுக்கு அந்த மரகத மோதிரம்.

வெளியே வந்ததும் அவன் பொட்டலத்தைப் பிரித்து என்னிடம் நீட்டினான். செவ்வரளி. வெட்கத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இரண்டும் சிவப்புன்னு உனக்கு எப்படியப்பா தெரிஞ்சது?"

"எனக்கு எங்கே தெரியும்? ஆத்தா கைவிட மாட்டாள்னு நம்பினேன். நீங்க எனக்கு ஒரு வெள்ளைப் பூகூட வைக்க மாட்டீங்கன்னும் நம்பினேன். ரெண்டு பேருமே என்னை ஏமாத்தலை, புலவரய்யா!"